பெட்டி பூப்பும் இவர்தான், ஆலிவ் ஆயிலும் இவர்தான்

பாப்பாய் என்றதும் கீரை டப்பாவும் புடைத்த முன்கையும் ஞாபகத்துக்கு வரும். கூடவே ஒரு குரலும் வரும். முரடன் புளூட்டோ தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம், மூக்கும் தொண்டையும் சேர்ந்து நடுங்க, ஊரைக் கூட்டி அலறுவாளே ஆலிவ் ஆயில், அந்தக் குரல். ஒல்லி உடம்பு, நீண்ட கை கால்கள், பெரிய பூட்ஸ். அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் பேசத் தொடங்கினால் சிரிப்பை அடக்க முடியாது.

அதே 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் இன்னொரு கார்ட்டூன் பெண் கொடிகட்டிப் பறந்தாள். பெரிய தலை, அதைவிடப் பெரிய கண்கள், சுருட்டை முடி, குட்டைக் கவுன். குழந்தைபோலக் கொஞ்சிப் பேசி, நடுநடுவே 'பூப்-ஊப்-எ-டூப்' என்று பாடி முடிக்கும் பெட்டி பூப். ஆலிவின் பேச்சு துருப்பிடித்த கதவு திறப்பதுபோல இருக்கும். பெட்டி பேசினால் பாடுவதுபோல இருக்கும். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் இரண்டும் ஒரே பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தவை என்று நம்பமாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் மே குவெஸ்டெல். கார்ட்டூனுக்குக் குரல் கொடுப்பதைத் தொண்டை வித்தை என்று நினைப்பவர்கள் அவருடைய வாழ்க்கையை ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் செய்தது முழுக்க முழுக்க நடிப்பு. அதை அவர் கற்றது மேடையில்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1908 செப்டம்பர் 13 அன்று அவர் பிறந்தார். ஆசாரமான யூதக் குடும்பம். பெண் பிள்ளை மேடையேறி ஆடுவதையும் பாடுவதையும் வீட்டில் யாரும் விரும்பவில்லை. 'தியேட்டர் கில்டு' என்ற புகழ்பெற்ற நாடக அமைப்பின் பள்ளியில் சேர்ந்திருந்தவரை, வற்புறுத்திப் படிப்பை நிறுத்தவைத்தார்கள். ஆனால் வீட்டுக்குள் அடைத்துவைக்க முடியாத ஒன்று அவரிடம் இருந்தது. யாருடைய குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும் காது.

அந்தச் சமயத்தில் ஹெலன் கேன் என்ற பாடகி அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டார். 1928இல் 'குட் பாய்' என்ற பிராட்வே இசை நாடகத்தில் அவர் பாடிய ஒரு பாட்டும், அதன் நடுவே குழந்தைக் குரலில் அவர் சொன்ன 'பூப்-பூப்-எ-டூப்'பும் பட்டிதொட்டியெங்கும் பரவின. அவரைப் போலவே பாடுபவர்களுக்கு ஊருக்கு ஊர் போட்டிகள் நடந்தன. பிராங்க்ஸில் ஃபோர்டம் திரையரங்கில் நடந்த போட்டியில் குவெஸ்டெல் மேடையேறினார், ஜெயித்தார். அடுத்து வந்தது 'வாடவில்' மேடை வாழ்க்கை.

வாடவில் என்பது இன்று ஏறக்குறைய மறைந்துபோன கலை. ஒரே மாலையில் ஒரே மேடையில் கழைக்கூத்தாடி, மாயாஜாலக்காரர், பயிற்சி பெற்ற நாய்கள், கோமாளி ஜோடி, பாடகி என்று வரிசையாக வந்து போவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் கூட்டத்தைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் வேலை இல்லை. பலகுரல் கலைஞருக்கு இன்னும் கடினம். இன்னாரைப் போலச் செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுச் செய்வதில் பெருமை இல்லை. வாயைத் திறந்த நொடியில் கூட்டம் தானாக அடையாளம் கண்டு கைதட்ட வேண்டும். குவெஸ்டெல் அந்த மேடைகளில் ஃபேனி பிரைஸ், எடி கேண்டர், மே வெஸ்ட், மாரிஸ் செவாலியே என்று ஆண் பெண் பாகுபாடில்லாமல் எல்லோரையும் கொண்டுவந்தார். மிருகங்களைப் போலவும் கத்திக் காட்டினார்.

ஒரு ஆளை ஒரே நொடியில் குரலால் வரைந்து காட்டும் இந்தத் திறமைதான் ஏழு நிமிடக் கார்ட்டூன் படத்துக்கு வேண்டியது. அதில் பாத்திரத்தை மெல்ல மெல்ல அறிமுகப்படுத்த நேரம் கிடையாது.

பெட்டி பூப் கார்ட்டூன்களைத் தயாரித்த மேக்ஸ் ஃபிளைஷரின் ஸ்டுடியோவும் தொலைவில் இல்லை. 1600, பிராட்வே என்பது அதன் முகவரி. வால்ட் டிஸ்னி கலிஃபோர்னியாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஃபிளைஷர் சகோதரர்கள் நியூயார்க்கின் நாடக அரங்குகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து படம் எடுத்தார்கள். குரல் வேண்டுமென்றால் கீழே இறங்கித் தெருவைக் கடந்தால் போதும். அவர்களின் படங்களில் ஜாஸ் இசையும், மேடைக் கேலியும், நியூயார்க் தெருப் பேச்சும் கலந்து ஒலித்ததற்கு இந்த அக்கம்பக்கமும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெட்டி பூப் முதலில் வந்தது 1930 ஆகஸ்டில், 'டிஸ்ஸி டிஷஸ்' என்ற படத்தில். அப்போது அவள் முழுப் பெண்ணாகக்கூட இல்லை. நாய்க்குரிய தொங்கு காதுகளோடு ஓர் உணவு விடுதியில் பாடும் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். வரைந்தவர் கிரிம் நாட்விக். குரல் கொடுத்தவர் மார்ஜி ஹைன்ஸ். 1931இல் குவெஸ்டெல் வந்து சேர்ந்தார். 1932இல் நாய்க்காதுகள் காதணிகளாக மாறின, பெட்டி மனுஷியானாள். பெட்டிக்குப் பல பெண்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 1939இல் அந்த வரிசை முடியும்வரை அவளோடு அதிகம் சேர்த்துப் பேசப்பட்டவர் குவெஸ்டெல்தான்.

காரணம், அவர் வெறும் ஹெலன் கேனைத் திருப்பிச் சொல்லவில்லை. கேனின் கொஞ்சலை எடுத்துக்கொண்டு அதற்குள் ஒரு ஆளை உட்கார வைத்தார். அவருடைய பெட்டி பயப்படுவாள், கோபப்படுவாள், ஏமாற்றப் பார்ப்பவனை ஒரு சத்தத்தில் நிறுத்துவாள். 1932இல் வந்த 'மின்னி தி மூச்சர்' படத்தில் பெட்டி, கண்டிப்பான பெற்றோரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அழுகிறாள், பிறகு வீட்டை விட்டே கிளம்பிவிடுகிறாள். அந்தப் பெற்றோர் வேற்று நாட்டிலிருந்து குடியேறி வந்தவர்களின் இங்கிலீஷில் பேசுகிறார்கள். குரல் கொடுத்தவரின் சொந்தக் கதையை மனத்தில் வைத்து யாரும் அதை எழுதியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் நாடகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் அந்த அழுகையைப் பாடியிருக்கிறார் என்று தெரிந்து கேட்டால், பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.

குரலுக்குத் தனி மவுசு வந்தது. ஷெர்லி டெம்பிள் படத்தால் பிரபலமான 'ஆன் தி குட் ஷிப் லாலிபாப்' பாட்டை குவெஸ்டெல் பாடிப் பதிவுசெய்த இசைத்தட்டு, பொருளாதார மந்தத்தின் நடுவில் இருபது லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள். ஆனால் படத்தின் தலைப்பு அட்டையில் அவர் பெயர் இருக்காது. இயக்கியவர், வரைந்தவர் பெயர்கள் வரும். பேசியவர் பெயர் வராது. அன்றைய வழக்கம் அது. அநியாயமான வழக்கம்.

பிறகு அந்தக் குரல் நீதிமன்றத்துக்குப் போனது.

பெட்டி பூப் தன்னைப் பார்த்துச் செய்த நகல், தன் பிழைப்பையே அது கெடுத்துவிட்டது என்று சொல்லி ஹெலன் கேன் 1932இல் மேக்ஸ் ஃபிளைஷர் மீதும் அவருடைய படங்களை வெளியிட்ட பாரமவுன்ட் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். கேட்ட நஷ்டஈடு 2,50,000 டாலர். 1934 ஏப்ரலில் நியூயார்க் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எட்வர்ட் மெக்கோல்ட்ரிக் முன்னால் விசாரணை நடந்தது. ஜூரி கிடையாது. பெட்டிக்குக் குரல் கொடுத்த பெண்கள் சாட்சி சொன்னார்கள். குவெஸ்டெலும் அவர்களில் ஒருவர். கேனைப் போலப் பாடும் போட்டியில் ஜெயித்து மேடைக்கு வந்தவர், கேனின் வழக்கில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி. அவருடைய சங்கடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

வழக்கின் போக்கை மாற்றியவர் வேறொருவர். லூ போல்டன் என்ற நாடக மேலாளர் வந்து, 'பேபி எஸ்தர்' என்று அழைக்கப்பட்ட கறுப்பினச் சிறுமி எஸ்தர் ஜோன்ஸுக்குத் தான் பயிற்சி கொடுத்ததாகச் சொன்னார். பாட்டுக்கு நடுவே பொருளில்லாத ஓசைகளைக் குழந்தைக் குரலில் பாடுவது அவளுடைய பாணி என்றும், 1928இல் நியூயார்க்கில் ஓர் இரவு விடுதியில் அவள் பாடியபோது ஹெலன் கேன் அதைப் பார்த்திருக்கிறார் என்றும் சாட்சியம் பதிவானது. எஸ்தர் பாடும் சிறிய பேசும்படம் ஒன்றும் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. அந்தப் பாணியைத் தொடங்கியவரே கேன்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 1934 மே மாதம் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

பெட்டி பூப்பின் உருவமே எஸ்தரைப் பார்த்து வரைந்தது என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஹெலன் கேனின் படம் போட்ட பாட்டுத் தாளைப் பார்த்துத்தான் வரைந்ததாக நாட்விக் சொல்லியிருக்கிறார். ஆனால் எஸ்தருக்கு நேர்ந்தது அதைவிட வருத்தமானது. அவளுடைய பாணி ஒரு பெரிய நிறுவனத்தைக் காப்பாற்றப் பயன்பட்டது, அவளுக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் காட்டிய அந்தப் படமும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. குவெஸ்டெலின் திறமையைக் கொண்டாடும்போது, அந்தச் சங்கிலியில் முன்னால் நின்ற இந்தச் சிறுமியையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மேடைக் கலைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தே வளர்ந்தவை. பணமும் பெயரும் யார் கையில் நின்றன என்பதில்தான் நிறமும் பணபலமும் குறுக்கே வந்தன.

வழக்கில் பெட்டி ஜெயித்தாள். ஆனால் அதே 1934இல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகின. பெட்டியின் கவுன் நீண்டது, குறும்பு குறைந்தது, அவளைப் பார்க்க வந்த கூட்டமும் குறைந்தது.

குவெஸ்டெலின் கையில் அதற்குள் அடுத்த பாத்திரம் இருந்தது. இ.சி. சீகர் 1919 முதல் பத்திரிகையில் வரைந்துவந்த 'திம்பிள் தியேட்டர்' படக்கதையில் ஆலிவ் ஆயில் ஆரம்பம் முதலே உண்டு. பாப்பாய் வந்தது 1929இல்தான். ஃபிளைஷர் 1933இல் இவர்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். சீக்கிரமே ஆலிவின் குரல் குவெஸ்டெலிடம் வந்தது. ஸாஸு பிட்ஸ் என்ற நகைச்சுவை நடிகை எப்போதும் பதற்றத்தோடு, சொல்லை இழுத்து இழுத்துப் பேசுவார். குவெஸ்டெல் அதை எடுத்துக்கொண்டு மூக்கில் கொஞ்சம் ஏற்றி, நடுக்கத்தைக் கூட்டினார். இங்கேயும் தொடக்கம் பலகுரல்தான். ஆனால் சில படங்களிலேயே ஸாஸு பிட்ஸ் மறைந்துபோய் ஆலிவ் மட்டும் நின்றாள்.

அந்தக் குரல் எப்படிப் பதிவானது என்பது சுவையான விஷயம். பொதுவாகக் கார்ட்டூன்களில் குரலை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்ப வாயசைவு வரைவார்கள். ஃபிளைஷரின் பாப்பாய் படங்களில் தலைகீழ். படத்தை வரைந்து முடித்துவிட்டு, அதைத் திரையில் ஓட்டி, நடிகர்கள் பார்த்துப் பேசுவார்கள். நம் ஊர் டப்பிங் அறையில் நடப்பதற்கு நெருங்கிய முறை. ஆனால் ஒரு வித்தியாசம். திரையில் வாய் அசையாத இடங்களிலும் பேசலாம். பாப்பாய்க்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து அள்ளிவிட்ட கேலிகள் அப்படிப் பிறந்தவை. மெர்சர் அந்த ஸ்டுடியோவிலேயே படம் வரையும் வேலையில் இருந்தவர். அவர் முணுமுணுக்க, குவெஸ்டெல் பதிலுக்கு முனகுவார், திகைப்பார், பெருமூச்சு விடுவார். எதிரில் இருப்பவர் எப்போது நிறுத்துவார், எங்கே தன் சத்தம் விழ வேண்டும் என்று உடனுக்குடன் பிடிக்க வேண்டும். மேடையில் ஜோடியாக நின்று சிரிக்கவைத்தவர்களுக்கு இது கைவந்த கலை.

1937இல் ஃபிளைஷர் ஸ்டுடியோவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் மொத்தமாக ஃபுளோரிடாவின் மயாமிக்கு இடம்பெயர்ந்தது. குடும்பத்தை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக குவெஸ்டெல் மறுத்துவிட்டார். ஆலிவின் குரல் மார்ஜி ஹைன்ஸிடம் போனது. சில ஆண்டுகளில் ஃபிளைஷர் சகோதரர்கள் ஸ்டுடியோவையே இழந்தார்கள். பாரமவுன்ட் அதை எடுத்துக்கொண்டு, ஃபேமஸ் ஸ்டுடியோஸ் என்று பெயர் மாற்றி, நியூயார்க்குக்கே திரும்பக் கொண்டுவந்தது. 1944இல் ஆலிவும் குவெஸ்டெலிடம் திரும்பினாள். உலகப் போரின்போது மெர்சர் ராணுவத்துக்குப் போயிருந்த சமயம், சில படங்களில் பாப்பாயின் கரகரத்த குரலையும் தானே கொடுத்ததாகப் பின்னாளில் குவெஸ்டெல் சொல்லியிருக்கிறார். ஆண் குரலையும் மேடையில் செய்து பழகியவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

அதன்பின் வேலை நிற்கவே இல்லை. 'லிட்டில் ஆட்ரி' என்ற குறும்புக்காரச் சிறுமி அவர்தான். 1953இல் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'விங்கி டிங்க் அண்ட் யூ' நிகழ்ச்சியில் விங்கி டிங்கின் குரலும் அவருடையதே. பிள்ளைகள் டி.வி. திரைமேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, விங்கி ஆற்றங்கரையில் மாட்டிக்கொள்ளும்போது க்ரேயானால் பாலம் வரைந்து அவனைக் காப்பாற்ற வேண்டும். தாள் வாங்கித் தராத வீடுகளில் பிள்ளைகள் நேரே திரைமேலேயே கிறுக்கிவைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிக்காக 220 பாப்பாய் படங்கள் அவசர அவசரமாகத் தயாரானபோதும் ஆலிவ் அவரே.

இத்தனைக்கும் நடுவில் மேடையை அவர் விடவில்லை என்பதுதான் முக்கியம். 1948இல் 'டாக்டர் சோஷியல்' நாடகத்தில் பிராட்வே மேடையேறினார். 1959இல் ஐம்பது வயதில் 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' நாடகத்தில், கதாநாயகி கெர்ட்ரூட் பெர்க்கோடு, பக்கத்து வீட்டு யூத அம்மாளாக நடித்தார். நாடகம் 500 காட்சிகளைத் தாண்டி ஓடியது. 1961இல் அது படமானபோது கதாநாயகி மாறினார், பக்கத்து வீட்டு அம்மாள் மாறவில்லை. 1964இல் 'பஜூர்' இசை நாடகம். 1968இல் பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் நடித்த 'ஃபன்னி கேர்ல்' திரைப்படம். அது யாருடைய கதை? ஃபேனி பிரைஸின் கதை. வாடவில் மேடையில் தான் குரலால் கொண்டுவந்த அதே பெண்ணின் வாழ்க்கைப் படத்தில் குவெஸ்டெல் அக்கம்பக்கத்து அம்மாளாக வந்து போனார்.

1970களில் அமெரிக்கர்கள் அவர் முகத்தை அறிந்தது ஒரு விளம்பரத்தால். கை துடைக்கும் காகிதத் துண்டு விற்கும் 'ஆன்ட் புளூபெல்'. பேர் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் பேசியவருக்கு முகம் கிடைத்தது சமையலறைப் பொருளால். ஆனால் 1978இல் ஹன்னா-பார்பரா நிறுவனம் புதிய பாப்பாய் தொடரைத் தொடங்கியபோது, ஆலிவுக்கான குரல் தேர்வில் குவெஸ்டெல் கலந்துகொண்டும் வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போனது. பாத்திரத்தின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும், அதற்கு உயிர் கொடுத்தவரிடம் இருக்காது. குரல் கலைஞர்கள் இன்றுவரை படும் பாடு இது.

வயதான காலத்தில்தான் அவருக்கு நல்ல விருந்து காத்திருந்தது. இயக்குநர் வுடி ஆலன் 1983இல் 'ஸெலிக்' படத்துக்கு 1920களின் குரலில் பாட ஆள் தேடியபோது, குவெஸ்டெலே வந்து பாடிக் கொடுத்தார். 1988இல் 'ஹூ ஃபிரேம்டு ரோஜர் ராபிட்' வந்தது. டிஸ்னி, வார்னர், ஃபிளைஷர் பாத்திரங்கள் எல்லாம் ஒரே படத்தில் கூடின. அதில் ஓர் இரவு விடுதியில் சிகரெட் விற்கும் பெட்டி பூப் வருகிறாள், மற்றவர்கள் எல்லாம் கலரில், அவள் மட்டும் கறுப்பு வெள்ளையில். கலர் வந்தபின் வேலை குறைந்துவிட்டது என்று தன் நிலையைச் சொல்லிவிட்டு, இருந்தாலும் தன்னிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று பாடிக் காட்டுகிறாள். அந்தக் குரலுக்கு உரியவர் எண்பதை எட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு ஒரு வயதுகூட ஏறவில்லை.

1989இல் 'கிறிஸ்மஸ் வெகேஷன்' படத்தில் காது கேளாத பெத்தனி அத்தை. விருந்து மேசையில் உணவுக்கு முன் ஜெபம் சொல்லுங்கள் என்று கேட்டால் தேசியக்கொடி உறுதிமொழியை ஒப்பிப்பார். அதுதான் அவருடைய கடைசிப் பெரிய படம். 1998 ஜனவரி 4 அன்று நியூயார்க்கில், 89ஆம் வயதில் காலமானார்.

பெட்டி மட்டும் மேடைக்கு வந்துவிட்டாள். 'பூப்! தி மியூசிக்கல்' 2023இல் சிகாகோவில் அரங்கேறி, 2025 ஏப்ரலில் பிராட்வேக்கு வந்தது. ஜாஸ்மின் ஏமி ராஜர்ஸ் பெட்டியாகப் பாடி ஆடினார், டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். மேடையில் பிறந்த குரல் திரைக்குப் போய், உருவம் எடுத்துக்கொண்டு மேடைக்கே திரும்ப ஏறக்குறைய தொண்ணூற்றைந்து ஆண்டுகள் ஆகின.

குவெஸ்டெலைக் கேட்க விரும்புகிறவர்கள் மூன்று படங்களில் தொடங்கலாம். முதலில் 1932இன் 'மின்னி தி மூச்சர்'. அடுத்து 1936இன் 'பாப்பாய் தி செய்லர் மீட்ஸ் சிந்துபாத்'. ராட்சதப் பறவை தூக்கிக்கொண்டு போகும்போது ஆலிவ் எழுப்பும் சத்தங்களில் எத்தனை வகை என்று கவனியுங்கள். மூன்றாவது, 1989இன் 'நியூயார்க் ஸ்டோரீஸ்' படத்தில் வுடி ஆலன் இயக்கிய பகுதி. அதில் குவெஸ்டெல் நேரிலேயே வருகிறார், மகனை நச்சரிக்கும் அம்மாவாக. மாயாஜாலக் காட்சியில் பார்வையாளர்களிலிருந்து மேடைக்கு அழைக்கப்பட்டு, பெட்டிக்குள் நுழைந்து மாயமாகிறார். பிறகு மன்ஹாட்டன் வானத்தில் பிரம்மாண்டமாகத் தோன்றி, ஊர் மொத்தமும் அண்ணாந்து கேட்க, மகனின் வீட்டு விஷயங்களை ஒன்றுவிடாமல் சொல்கிறார். முதல் வாக்கியத்திலேயே அந்த அம்மா யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.